நெறி கட்டிய நாயும் நாட்டு நாய்ப் பெருமையும்

"நாட்டு நாய்க்கு நோயே வராது." சில வருடங்களாக இந்த வாக்கியம் நம் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மீசை முறுக்கிய ஒருவர் சிப்பிப்பாறையின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். பின்னணியில் உறுமி அடிக்கும். கீழே இதயங்கள் பறக்கும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காளையோடு சேர்ந்து நாயும் நம் அடையாளப் பட்டியலில் ஏறியது. ஏறட்டும், நல்லதுதான். ஆனா அந்த வாக்கியம் பொய். அதை நம்பி நாயை வீட்டுத் திண்ணையிலேயே சாகவிடுகிறவர்களை எனக்குத் தெரியும் என்பதால் கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் இந்தப் பொய்க்கு எப்படி உயிர் கிடைக்கிறது என்று பாருங்கள். எட்டுக் குட்டி போட்டால் அஞ்சு செத்துவிடும். மிச்சம் மூணைக் காட்டி, "பாத்தீங்களா, என்ன திடம்!" என்பார்கள். செத்த அஞ்சும் யார் கணக்கிலும் வராது. ஏழு, எட்டு வயசில் ஒரு நாய் மெலிந்து செத்தால் நாலு காரணங்களில் ஒன்றைச் சொல்லலாம்: வயசாயிருச்சு, பூச்சி பொட்டு கடிச்சிருக்கும், எவனோ மருந்து வச்சிட்டான், கண்ணு பட்டுருச்சு. எங்க பக்கத்து நாய்ச்சாவு அத்தனையும் இந்த நாலுக்குள் அடங்கிவிடும். அஞ்சாவது காரணம் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் யாரும் பார்ப்பதில்லை.

ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் மாவட்டத்து ஊர்கள். அந்த ஊர்களின் பெயரைத்தான் இரண்டு நாயினங்கள் சுமக்கின்றன. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். அதற்கு ரெண்டு வருசம் முந்தி, 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பிக்காகத் தியேட்டரில் அழாதவர்கள் குறைவு. இவ்வளவும் இருக்கிறது. அதே காலத்தில் அமெரிக்காவில் கோல்டன் ரெட்ரீவர் என்ற ஒரே இனத்தில் 3,000க்கும் மேற்பட்ட நாய்களை 2012 முதல் சேர்த்து, வருடா வருடம் ரத்தமும் சிறுநீரும் எடுத்துவைத்து, எந்த நாய்க்கு எப்போது புற்று வருகிறது, எதனால் வருகிறது என்று பின்தொடர்ந்துகொண்டிருக்கிறார்கள். மோரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் நடத்துகிற ஆய்வு அது. அந்த இனத்துக்குப் புற்று அதிகம் என்று சொல்ல அந்த ஊர்க்காரர்கள் வெட்கப்படவில்லை. வெட்கப்பட்டிருந்தால் அந்த ஆய்வே நடந்திருக்காது. நம்மிடம் தபால்தலை இருக்கிறது.

சரி, நெறிக்கு வருவோம்.

நிணநீர்க் கணு என்று பாடப்புத்தகம் சொல்வதற்கு நம் ஊரில் பெயர் உண்டு: நெறி. காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். பல் வீங்கினால் தாடைக்குக் கீழே நெறி கட்டும். இது எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்கள் தங்குகிற சாவடி அது; சண்டை நடந்தால் சாவடி வீங்கும், முடிந்தால் வற்றும். அந்த வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகளே கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் லிம்போமா, நிணநீர்ப் புற்று. நாய்க்கு வரும் புற்றுகளில் அடிக்கடி பார்க்கப்படுகிறவற்றில் இதுவும் ஒன்று. பெரும்பாலான நாய்களில் ஒரே இடத்தில் நிற்காது. உடம்பு முழுக்க எல்லா நெறியும் சேர்ந்து வீங்கும். வலிக்காது. இந்த 'வலிக்காது' என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. தொட்டால் நாய் கத்தாது, வாலை ஆட்டும். கஞ்சியை நக்கிக் குடிக்கும். கிடைக்குப் பின்னாலேயே ஓடும். "நல்லாத்தான இருக்கு" என்று விட்டுவிடுவோம்.

சில நாய்களில், முக்கியமாக டி-செல் வகை வந்த நாய்களில், ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். ஏறினால் நாய் தண்ணீரை மொடாக் கணக்கில் குடிக்கும், போகிற இடமெல்லாம் மூத்திரம் பெய்யும். சித்திரை, வைகாசியில் திருச்சுழிப் பக்கம் ஒரு நாய் அப்படித் தண்ணீர் குடித்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? வெயிலுக்குக் குடிக்கிறது என்போம். நம் வெயில்கூட இந்த நோய்க்கு மறைப்புக் கட்டிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க என்ன வேண்டும்? முதலில் விரல்கள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும், தோள்பட்டைக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்புறம் தசைக்குள், தொடை இடுக்கில். நாயைத் தடவிக்கொடுக்கிற நேரத்திலேயே தடவிப் பார்த்துவிடலாம். முட்டிக்குப் பின்னால் இருப்பது சாதாரணமாகப் பயறு, கடலைப் பருப்பு அளவில் கைக்குத் தட்டும். எலுமிச்சம்பழம் போல உருண்டு நின்றால், அதுவும் இரண்டு காலிலும், தோளிலும், தாடையிலும் ஒரே சமயத்தில் நின்றால், முள் குத்திய கதை முடிந்தது.

அடுத்து ஒரு ஊசி. இது என்னவோ பெருநகரத்து ஸ்கேன் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். மனிதர்களுக்கு மதுரையில் 'எஃப்.என்.ஏ.சி. பாத்துட்டு வாங்க' என்று எழுதித் தருகிறார்களே, அதுதான். காய்ச்சலுக்கு ஊசி போடுகிற அதே 22 அல்லது 23 கேஜ் ஊசி. நெறியை இரண்டு விரலில் நிறுத்திப் பிடித்து, ஊசியை உள்ளே விட்டு, நாலைந்து முறை திசை மாற்றி அசைத்து வெளியே எடுப்பது. ஊசியின் துவாரத்துக்குள் கொஞ்சம் செல்கள் ஏறியிருக்கும். காற்று நிரப்பிய சிரிஞ்சை அதில் மாட்டிக் கண்ணாடிச் சில்லின் மேல் ஒரு அழுத்து. இன்னொரு சில்லை மேலே வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். லிம்போசைட்டுகள் ரொம்பப் பூஞ்சை. அழுத்தினால் உடைந்து கூழாகிவிடும், பிறகு யார் பார்த்தும் பிரயோஜனமில்லை. காற்றில் உலர்த்தி, லீஷ்மன் அல்லது ஜீம்ஸா சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது. மயக்க மருந்து பெரும்பாலும் தேவையில்லை.

நல்ல நெறியில் சின்ன லிம்போசைட்டுகள்தான் மிகுதி. பெரியவை அங்கொன்றும் இங்கொன்றும் இருக்கும். கிருமியோடு சண்டை நடக்கிற நெறியில் எல்லாரும் கலந்திருப்பார்கள், சந்தைக்கூட்டம் மாதிரி. லிம்போமாவில் ஒரே முகம். பாதிக்கும் மேல் பெரிய, முதிராத செல்கள். ஒவ்வொன்றின் உட்கருவும் பக்கத்தில் கிடக்கும் சிவப்பணுவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பழகிய கண்ணுக்குப் பல நாய்களில் இதுவே போதும். சந்தேகம் வந்தால் ஒரு நெறியை முழுதாக அறுத்து எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பி-செல்லா டி-செல்லா என்று பிரித்தறியத் தனிச் சாயங்களும், அதற்கு மேல் மரபணுச் சோதனையும் உண்டு. டி-செல் என்றால் பொதுவாக நாட்கள் குறைவு. ஆனா அதெல்லாம் மூணாம் படி, நாலாம் படி. நாம் முதல் படியிலேயே காலை வைக்கவில்லை என்பதுதான் என் சண்டை.

இனி அந்த ஊசிக்கு வருகிறேன். எடுக்கிற ஊசியைச் சொல்லவில்லை, போடுகிற ஊசியை.

கழுத்து வீங்கிய நாயைத் தூக்கிக்கொண்டு டி.வி.எஸ். எக்ஸெலில் ஒருவர் வருகிறார். "டாக்டர் சார், நெறி கட்டியிருக்கு, ஒரு ஊசி போட்டுவிடுங்க." கால்நடை மருத்துவரோ, அவர் கோமாரித் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தால் அங்கே இருக்கிற வேறொருவரோ, மருந்துக்கடைக்காரரோ, ஒரு ஆன்ட்டிபயாட்டிக்கும் கூடவே ஒரு டெக்ஸாவும் போடுகிறார்கள். டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு. மறுநாள் வீக்கம் பாதியாகிறது. மூணாம் நாள் நாய் எழுந்து ஓடுகிறது. "கைராசிக்காரர்" என்று ஊரில் பேர் பரவுகிறது. மூணு வாரம், ஒரு மாசம் கழித்து மறுபடி வீங்குகிறது. மறுபடி டெக்ஸா. இந்த முறை பாதிதான் வற்றும். அதற்கடுத்த முறை ஒன்றும் ஆகாது.

என்ன நடந்தது? ஸ்டீராய்டு லிம்போமா செல்களைக் கொல்லும். அதனால்தான் வற்றியது. ஆனால் முழுதாகக் கொல்லாது. தப்பித்தவை மருந்தை வெளியே தள்ளக் கற்றுக்கொண்டு பெருகும். அவற்றில் பல, பிறகு கொடுக்கிற வேறு புற்று மருந்துக்கும் மசியாது. முன்பே ஸ்டீராய்டு வாங்கிய நாய்களில் கீமோதெரபி எடுபடுவது குறைகிறது என்பது கால்நடைப் புற்றுநோய்ப் பாடத்தின் அரிச்சுவடி. இன்னொரு கேடும் உண்டு: வற்றிய நெறியில் ஊசி குத்தி எடுத்தால் செல்கள் சரியாகக் கிடைக்காது, முடிவு குழம்பும். ஆக அந்த ஒரே ஊசி நோயையும் மறைக்கிறது, மருந்தையும் மழுங்கடிக்கிறது, நாய்க்காரருக்கு நம்பிக்கையும் கொடுத்துவிடுகிறது. மூன்றாவதுதான் கொடுமை.

மருத்துவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசில்லை. ஒரு கால்நடை உதவி மருத்துவருக்கு மாடு, ஆடு, கோழி, சினை ஊசி, ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி, இலவச ஆடு, பிரேதப் பரிசோதனை என்று சுற்றிக் கணக்கு. நாய் அவருடைய இலக்குப் பட்டியலில் வெறிநாய்த் தடுப்பூசியாக மட்டும்தான் வருகிறது. ஊசி போடாமல், "சில்லுல எடுத்துத் திருநெல்வேலிக்கு அனுப்பிப் பாக்கலாம்யா, அஞ்சாறு நாள் பொறுங்க" என்று ஒருவர் சொல்லிப்பார்க்கட்டும். "இந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல" என்று எக்ஸெலைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் நாம்தான். குத்தினால்தான் வைத்தியம் என்ற நம்பிக்கையை மனுச உடம்பிலிருந்து நாய் உடம்புக்கும் கொண்டுபோய்விட்டோம்.

"எல்லா வீக்கத்தையும் புற்றுன்னு பயமுறுத்துறியா?" என்று கேட்பீர்கள். நேர்மாறு. நம் வறண்ட பூமியில் நெறி வீங்கி, காய்ச்சலடித்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிகிற நாய்களில் நிறைய பேருக்கு வந்திருப்பது உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா கேனிஸ் என்ற கிருமி, பழுப்பு நாய் உண்ணி கடித்து வருவது. உண்ணிக்குப் பிடித்த உலகம் எங்களுடையது: வெக்கை, சுவர் வெடிப்பு, படல், சாக்குப் படுக்கை. தட்டணுக்கள் சரிந்து, நாய் பார்க்க லிம்போமா போலவே இருக்கும். ஆனால் இதற்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள் ஒழுங்காகக் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள், நாள் கடத்தாமல் வந்திருந்தால், பிழைத்துக்கொள்ளும். நம்மாட்கள் அஞ்சாம் நாளே நாய் சாப்பிடுகிறது என்று மாத்திரையை நிறுத்துவார்கள். அது வேறு கதை. சோதிக்காமல் 'புத்து வந்துருச்சு, இனி அவ்வளவுதான்' என்று கைவிடப்பட்ட நாய்களில் எத்தனை உண்ணிக் காய்ச்சல் நாய்களோ! பரிசோதனை என்பது புற்றைக் கண்டுபிடிக்க மட்டும் இல்லை. புற்று இல்லாத நாயைச் சாவிலிருந்து திருப்பிக் கொண்டுவரவும்தான்.

இப்போது பெரிய ஆட்சேபம். "மனுசனுக்கே கேன்சர் ஆஸ்பத்திரி பக்கத்துல இல்ல. தறி ஓட்டுறவன், கரிமூட்டம் போடுறவன் நாய்க்கு டெஸ்ட் எடுப்பானா?" இதைக் கேட்கிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். கட்டி என்று மதுரைக்குப் பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, திரும்பி வந்து வட்டிக்கு வாங்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்த வீட்டுக்காரரிடம் நாய்க்கு ஆறு மாசம் கீமோ கொடு என்று சொல்லும் யோக்கியதை யாருக்கும் கிடையாது. சாப் என்று சுருக்கிச் சொல்லும் நாலு மருந்துக் கூட்டுச் சிகிச்சையில் பத்தில் எட்டு, ஒன்பது நாய்களுக்கு நோய் தற்காலிகமாக ஒடுங்கும். சராசரியாக ஒரு வருடம் போல வாழும். முழுதாகக் குணமாவது அபூர்வம். சிகிச்சையே இல்லாவிட்டால் ஒரு மாதம், ஒன்றரை மாதம். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான முடிவு. ஆனால் கணக்கைக் காட்டாமலேயே அவர் சார்பில் நாம் முடிவெடுத்துவிடுகிறோம், ஏழைக்கு உண்மை தேவையில்லை என்பது போல. தவிர, அந்த ஏழை ஏற்கெனவே செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறார். வாராவாரம் ஒரு ஊசி, ஒரு டானிக், பெட்ரோல், வேலைக்குப் போகாத அரை நாள். ஒரு கண்ணாடிச் சில்லின் விலையை அதோடு வைத்துப் பாருங்கள்.

லிம்போமா என்று தெரிந்த ஒருவர் டெக்ஸாவைத் தெரிந்தே கேட்கலாம்: கடைசி ஒன்றிரண்டு மாதம் அது சிரமமில்லாமல் இருக்கட்டும் என்று. அதே மருந்து, ஆனால் அப்போது அது ஏமாற்று இல்லை. மூச்சு முட்டுகிற நாளில் வலியில்லாமல் முடித்துவைக்கச் சொல்லி மருத்துவரைக் கூப்பிடலாம். குட்டி எடுக்க நினைத்திருந்தால் நிறுத்தலாம். பிள்ளைகளிடம் சொல்லலாம். திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமணர் திருவண்ணாமலையில் லட்சுமி என்ற பசுவோடு சேர்த்து ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி வைத்த இடத்தைப் போய்ப் பார்த்துக் கும்பிட்டு வருகிற எங்க ஊர்க்காரர்கள், சொந்த நாய் எதனால் செத்தது என்று தெரியாமலே கண்மாய்க்கரையில் குழி வெட்டுகிறார்கள்.

வசதி இல்லை என்ற வாதத்திலும் பாதிதான் உண்மை. கிராமத்தில் ஒரு சில்லுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் வித்தை நமக்குப் புதுசா? மலேரியாவுக்கு விரலில் குத்தி ரத்தம் எடுத்ததும், காசநோய்க்குச் சளியைச் சில்லில் பூசிப் பார்த்ததும் இதே கிராமத்துச் சுகாதார நிலையங்களில்தான், பல பத்தாண்டுகளாக. மனுசனுக்குச் செய்து பழகிய அரசாங்கத்துக்குக் கால்நடை மருந்தகத்தில் அதே மைக்ராஸ்கோப்பையும் சாயப் புட்டியையும் வைப்பது சந்திராயன் விடுகிற வேலை இல்லை. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இலிருந்து இருக்கிறது. 2012இல் திருநெல்வேலி ராமையன்பட்டியிலும் ஒன்று வந்துவிட்டது. கற்றுக்கொண்ட ஆட்கள் இருக்கிறார்கள். சில்லு அங்கே போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான்.

இதில் எனக்குத் தாங்க முடியாத ஒரு முரண் இருக்கிறது. நித்தியகல்யாணியை உங்களுக்குத் தெரியும். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். யாரும் விதைக்காமல், தண்ணி ஊற்றாமல் ரோஸும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும். தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் மருந்துக்காகப் பயிரிடவும் செய்கிறார்கள். சொந்த ஊர் மடகாஸ்கர். 1950களில் ஜமைக்காவிலிருந்து ஒரு உறையில் வந்த இதன் இலைகளைச் சர்க்கரை நோய்க்கு மருந்தாகுமா என்று கனடாவில் ராபர்ட் நோபிள் சோதித்தார். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அந்த வழியில் வின்பிளாஸ்டினும், தொடர்ந்து வின்கிரிஸ்டினும் கிடைத்தன. 1963இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்ற வின்கிரிஸ்டின்தான் இன்றும் நாய் லிம்போமா சிகிச்சையின் நாலு மருந்தில் ஒன்று. (இதைப் படித்துவிட்டு இலையை அரைத்து நாய்க்கு ஊற்ற வேண்டாம். விஷம். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ இலை தேவைப்படுகிற சமாச்சாரம் அம்மியில் நடக்காது.)

அதைவிடவும் வயிறெரிகிற விஷயம், தெருநாய்களின் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி தொங்கி ரத்தம் சொட்டுகிற கட்டி. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வாரம் நடந்தால் ஒன்றையாவது பார்த்துவிடலாம். கல்லால் அடித்து விரட்டுவோம். அது இணைசேர்கையில் நாய்க்கு நாய் தொற்றும் புற்று. பல ஆயிரம் வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய செல்களே இன்றுவரை உடம்பு மாறி உடம்பு மாறி வாழ்கின்றன. அதையும் இதே ஊசி, இதே சில்லு கொண்டுதான் உறுதி செய்கிறார்கள். உறுதியானால் வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, நாலு முதல் ஆறு வாரம். பெரும்பாலான நாய்களுக்கு முழுசாகக் குணமாகிவிடும். புற்றில் இப்படி ஒரு சுபமுடிவு அபூர்வம். 2025இல் தெருநாய் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. இந்தக் கட்டியைப் பற்றி இரண்டு கட்சியிலும் யாரும் வாயைத் திறந்ததாக என் காதில் விழவில்லை.

நாட்டு நாய் வளர்க்கிறவர்களிடம், முக்கியமாகக் குட்டி விற்கிறவர்களிடம், ஒரு கேள்வி கேட்க வேண்டும். "இது சுத்தமான வம்சம்ணே, வெளிய விடல" என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அப்படியென்றால் அண்ணனையும் தங்கையையும், தகப்பனையும் மகளையும் சேர்த்திருக்கிறீர்கள் என்றுதானே அர்த்தம்? பாக்ஸர், கோல்டன் ரெட்ரீவர், புல்மாஸ்டிஃப் போன்ற இனங்களில் லிம்போமா மற்ற இனங்களைவிட அதிகம். சின்ன வட்டத்துக்குள் திரும்பத் திரும்ப இணைசேர்த்து ஓர் இனத்தை இறுக்கினால், நல்ல குணத்தோடு கெட்டதும் சேர்ந்து இறுகும். வெள்ளை ராஜபாளையத்தில் காது கேட்காத குட்டிகள் பிறப்பதைப் பார்த்தும் இது புரியாவிட்டால் எப்படி? உங்கள் நாயின் தாத்தன் எத்தனை முயல் பிடித்தது என்று சொல்லத் தெரிகிறது. அது எத்தனை வயசில், எதனால் செத்தது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்திருக்கிறீர்களா?

எழுதத் தொடங்குகிறவர்களுக்காக ஒன்றிரண்டு காரியம். மருத்துவரிடம் போகும்போது "ஊசி போடுங்க" என்று தொடங்காதீர்கள், "நெறியில எடுத்துப் பாத்துட்டு அப்புறம் மருந்து போடுவமா சார்?" என்று கேளுங்கள். ஏற்கெனவே எங்காவது டெக்ஸா போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், என்றைக்குப் போட்டது என்பதையும். தாடைக்குக் கீழே எடுப்பதைவிடத் தோளுக்கு முன்னாலோ முட்டிக்குப் பின்னாலோ எடுப்பது நல்லது. பல்லும் ஈறும் கெட்ட நாயின் தாடை நெறி சும்மாவே வீங்கிக் குழப்பும். ஒரு சில்லு போதாது, நாலைந்து வேண்டும். பென்சிலால் நாயின் பேரையும் எந்த நெறி என்பதையும் சில்லின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். பேனா மை சாயத்தில் கரைந்துபோகும். நன்றாக உலர்ந்த பிறகு, உடையாதபடி பெட்டியில் வைத்து அனுப்புங்கள். திசுத்துண்டு போட்ட ஃபார்மலின் புட்டியை அதே பெட்டியில் வைத்துவிடாதீர்கள், அதன் ஆவி பட்டாலே சில்லில் சாயம் சரியாக ஏறாது.